அஜ்ஜா பெயரில் எடுத்த பிரமாணம் செல்லுமா?

2023 மே 20, சனிக்கிழமை மதியம். பெங்களூரு கண்டீரவா அரங்கில் சித்தராமையாவின் அமைச்சரவை பதவியேற்றுக்கொண்டிருந்தது. அல்சூரில் எங்கள் வீட்டு டிவியிலும் அதுதான் ஓடியது. மாடி வீட்டுச் சுபேதார் ஐயா இறங்கி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மேடையில் ஸ்டாலின் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அதைப் பார்க்கத்தான் வந்தார்.

டி.கே.சிவகுமார் எழுந்து மைக் முன்னால் வந்தார். கன்னடத்தில் 'தேவர ஹெசரினல்லி', அதாவது கடவுளின் பெயரால், என்று வர வேண்டிய இடத்தில் அவர் தன் குருவான கங்காதர அஜ்ஜாவின் பெயரைச் சொன்னார். தும்கூரு பக்கம் நொணவினகெரே மடத்தைச் சேர்ந்தவர் அந்த அஜ்ஜா. அப்புறம் சதீஷ் ஜார்கிஹோளி வந்து புத்தர், பசவண்ணர், அம்பேத்கர் மூவர் பெயரையும் சொன்னார். ஜமீர் அகமது கான் அல்லாவின் பெயரால் எடுத்தார். ஆளுநர் தாவர்சந்த் கெலாட் ஒவ்வொருவருக்கும் பூங்கொத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, இதெல்லாம் செல்லுமா? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா என்ன ஆகும்?" என்றார் சுபேதார்.

கேஸ் போட்டார்கள். அதற்கு முன்னால், அந்த இடத்தில் கடவுள் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று பார்த்துவிடலாம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் கடைசிப் பகுதியில் அட்டவணைகள் இருக்கின்றன. மூன்றாவது அட்டவணைதான் பிரமாணங்களின் பட்டியல். ஒன்றிய அமைச்சர், மாநில அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் வாசகம் எழுதிவைத்திருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோருக்கு மட்டும் 60, 69, 159 ஆகிய பிரிவுகளிலேயே வாசகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஓர் இடத்தில் வரி இரண்டாகப் பிரியும். மேலே 'கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்', கீழே 'உளமார உறுதி கூறுகிறேன்'. பதவி ஏற்பவர் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'ஆண்டவன் மீது ஆணையிட்டு' என்ற குரலையும் 'உளமார' என்ற குரலையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே அதை வைத்தே ஒருவர் எந்த முகாம் என்று பாதி சொல்லிவிடலாம்.

இந்த வாசகம் வெறும் சடங்கு இல்லை. பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால், நாடாளுமன்றத்துக்கு 104ஆம் பிரிவும் சட்டமன்றத்துக்கு 193ஆம் பிரிவும் அபராதம் விதிக்கின்றன. நாளொன்றுக்கு 500 ரூபாய். 1950இல் அது மிரட்டுகிற தொகையாக இருந்திருக்கும். இன்றைக்கு அல்சூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற டாக்சிக்கே பற்றாது. தொகையை யாரும் மாற்றவில்லை.

இந்த விதி வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை என்பதைக் கேரளத்தில் ஒருவர் கண்டுகொண்டார். 2001இல் கொடுங்கல்லூர் எம்.எல்.ஏ. உமேஷ் சள்ளியில், ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் பிரமாணம் எடுத்தார். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடவுளின் பெயரால், அல்லது உளமார, மூன்றாவது வழி கிடையாது என்றது நீதிமன்றம். அந்தப் பிரமாணம் செல்லாது என்று ஆகி, அவர் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு ஓர் இடத்தில் உறுத்துகிறது. நாராயண குருவைத் தெய்வமாகவே கும்பிடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஊர் ஊராகக் 'குரு மந்திரம்' என்கிற வழிபாட்டு இடங்களில் அவர் சிலைக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்து 'உன் குரு கடவுள் இல்லை' என்று ஒரு நீதிமன்றம் சொல்லலாமா? மதச்சார்பற்ற அரசு என்பது எது கடவுள், எது கடவுள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதுதானே? இத்தனைக்கும் மனிதனுக்கு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்று சொன்னவர் அந்தக் குரு.

பெங்களூருவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2023 பதவியேற்பை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு வந்தது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பசவண்ணர், அம்பேத்கர் போன்றவர்களைத் தெய்வாம்சம் உடையவர்கள் என்று கன்னடத்தில் சொல்லும் வழக்கம் உண்டு என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். சுபேதாரின் கேள்விக்கு ஆக, பதில்: பெங்களூருவில் செல்லும், கொடுங்கல்லூரில் செல்லாது.

இந்தப் பதிலும் எனக்குத் திருப்தியாக இல்லை. தாராளம் நல்லதுதான். ஆனால் எங்கே நிற்பது? ஏற்கெனவே எடியூரப்பா கடவுளோடு விவசாயிகளையும் சேர்த்துப் பிரமாணம் எடுத்திருக்கிறார். நாளைக்கு ஒருவர் தன் கட்சித் தலைவர் தெய்வாம்சம் உடையவர் என்று சொன்னால்? தமிழ்நாட்டு அரசியல் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சிரிப்பை வரவழைக்கும், கொஞ்சம் பயத்தையும். இங்கேயும் சிக்கல் அதேதான். கேரள நீதிமன்றம் ஒருவரைக் கடவுள் பட்டியலிலிருந்து எடுத்தது, கர்நாடக நீதிமன்றம் சிலரைச் சேர்த்தது. இரண்டு பேரும் அர்ச்சகர் வேலை பார்க்க நேர்ந்துவிட்டது.

அரசியல் நிர்ணய சபை இதை எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. வரைவில் குடியரசுத் தலைவரின் பிரமாணத்தில் கடவுள் இல்லை. 1948 டிசம்பர் 27 அன்று எச்.வி.காமத்தும் மகாவீர் தியாகியும் கடவுளைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள். மங்களூரில் பிறந்த காமத் அந்தச் சபையின் ஓயாத வாய்களில் ஒன்று. அம்பேத்கர் கடவுளைச் சேர்ப்பதை எதிர்க்கவில்லை. அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: சிலருக்குக் கடவுள் பெயரால் எடுத்தால்தான் அந்தக் கடமை மனத்தைக் கட்டும், அவர்களுக்கு அது இருக்கட்டும், மற்றவர்களுக்கு உறுதிமொழி இருக்கட்டும். கடவுள் இருக்கிறாரா என்ற விவாதத்துக்குள் அவர் போகவே இல்லை. எடுக்கிறவனை எது கட்டுப்படுத்தும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

காமத்துக்கு அது போதவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று முகவுரை விவாதத்துக்கு வந்தபோது, அதுவும் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார். சபை நெளிந்தது. அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌதுரி எழுந்து, காமாக்யா தேவியை வணங்குகிற ஊர்க்காரர்கள் நாங்கள், அப்படியென்றால் 'தேவியின் பெயரால்' என்று ஏன் போடக்கூடாது என்று கேட்டார். திருவிதாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணுப் பிள்ளை, தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான், ஆனால் நம்பிக்கை இல்லாதவர் மேல் இதைத் திணிக்க முடியாது என்றார். கடவுளை ஓட்டுக்கு விட வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சிப் பார்த்தார். காமத் விடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார். எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 68 பேரில் பெரும்பாலானவர்கள் காலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பிரமாணத்தில் கடவுளை அனுமதித்த சபை முகவுரையில் ஏன் மறுத்தது? முரண்பாடு போலத் தெரியும். தமிழில் படித்தால் முரண்பாடு கரைந்துவிடுகிறது. முகவுரையின் தொடக்கம் 'இந்திய மக்களாகிய நாம்'. பிரமாணத்தின் தொடக்கம் '... எனும் நான்'. தமிழில் 'நாம்' என்றால் எதிரில் நிற்பவரையும் சேர்த்துத்தான். அவரை விட்டுவிட்டுச் சொல்வதற்கு 'நாங்கள்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். 'நாம்' என்று ஆரம்பித்துவிட்டுக் கடவுளைக் கூப்பிட்டால், நம்பாதவன் வாயிலும் அந்த வார்த்தையைத் திணித்ததாகிவிடும். 'நான்' என்கிறபோது அந்தச் சங்கடம் கிடையாது. அது சொல்கிறவர் மனச்சாட்சிக்கும் அவர் தெய்வத்துக்கும் இடையிலான சமாசாரம். எனக்குத் தெரிந்து இந்திய மதச்சார்பின்மையை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. அரசு பேசும்போது கடவுள் வரக்கூடாது, ஆள் பேசும்போது வரலாம்.

உளமார என்பது நாத்திகர்களுக்காக ஏற்பட்ட சலுகை என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறந்த கதை வேறு. இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சத்தியம் செய்ய மறுத்தார்கள். பக்தி குறைவு என்று இல்லை, பக்தி அதிகமாகிப் போனதால். 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்று மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சொல்கிறார். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' சொன்னால் போதும். அதை அப்படியே பிடித்துக்கொண்டவர்களை ஜெயிலில் போட்டுப் பார்த்துக் களைத்துப்போய், 1696இல் அவர்களுக்காக உறுதிமொழியைச் சட்டமாக்கினார்கள். கடவுளின் பெயரைத் தொட அஞ்சியவர்கள் திறந்த வாசல் அது. இருநூறு வருஷம் கழித்துத்தான் நாத்திகர்கள் அதன் வழியே வந்தார்கள்.

இதில் இந்தியாவுக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. 1744இல் லண்டனில் ஒரு வழக்கு. கல்கத்தாவில் வியாபாரம் செய்த ஓமிசந்த் தொடுத்தது. அவர் தரப்புச் சாட்சிகள் இந்துக்கள்; கல்கத்தாவிலேயே பிராமணர் ஒருவரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருந்தார்கள். கிறிஸ்தவர் அல்லாதவனின் சத்தியம் சத்தியமே அல்ல என்பது அதுவரை அங்கே பழைய சட்ட வல்லுநர்களின் கருத்து. வழக்கை விசாரித்த லார்ட் சான்சலர் ஹார்ட்விக் பிரபு அதை ஏற்கவில்லை. பொய் சொன்னால் தண்டிக்கிற ஒரு தெய்வத்தை அவன் நம்புகிறானா, அவன் வழக்கப்படி அந்தச் சத்தியம் அவனைக் கட்டுப்படுத்துமா, அது போதும் என்றார். வியாபாரம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருந்தது. இருந்தாலும் இன்றுவரை சட்டம் கேட்கிற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் 1840இல் கம்பெனி அரசு, இந்துக்களும் முஸ்லிம்களும் கங்கை நீரையும் குர்ஆனையும் தொட்டுச் சத்தியம் செய்கிற முறையை நீதிமன்றங்களில் நிறுத்தி உறுதிமொழியைக் கொண்டுவந்தது. 1873இல் ஒரு பிரமாணச் சட்டம், 1969இல் இன்னொன்று. இப்போது அமலில் இருப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் அதே இரண்டு வழிதான். சினிமாவில் கூண்டில் ஏறியதும் கீதையைக் கொண்டுவந்து நீட்டுவார்களே, அப்படி ஒரு கட்டளை அந்தச் சட்டத்தில் இல்லை. சாட்சி தன் சமூக வழக்கப்படி சத்தியம் செய்ய விரும்பினால் நீதிபதி விரும்பினால் அனுமதிக்கலாம், அவ்வளவுதான். சிட்டி சிவில் கோர்ட்டில் ஒரு முறை சாட்சி சொல்லப் போயிருந்தேன். கீதையும் வரவில்லை, சிவப்புத் துணியும் வரவில்லை. ஊழியர் மூச்சுவிடாமல் ஒரு வரியைச் சொன்னார், நானும் திருப்பிச் சொன்னேன்.

சரி, நம்பாதவனுக்கு வருவோம். 1880இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதி சார்லஸ் பிராட்லா என்ற வெளிப்படையான நாத்திகரைத் தேர்ந்தெடுத்தது. உறுதிமொழி எடுக்கிறேன் என்றார், உனக்கு அந்த உரிமை இல்லை என்றார்கள். சரி, கடவுள் பெயராலேயே சத்தியம் செய்கிறேன் என்றார், நம்பாதவன் வாயில் அது வெறும் சத்தம், முடியாது என்றார்கள். அவையிலிருந்து போக மறுத்தபோது, பிக் பென் மணி தொங்குகிற கோபுரத்தில் அடைத்துவைத்தார்கள். தொகுதி மக்கள் இடைத்தேர்தலில் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். கடைசியில் 1886இல் புதிய சபாநாயகர் ஒருவர் யாரையும் எதிர்ப்புச் சொல்ல விடாமல் பிரமாணம் எடுக்க வைத்து உட்கார வைத்தார். 1888இல் பிராட்லாவே முன்னின்று, விரும்புகிற எவரும் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தை நிறைவேற்றினார். அடுத்த வருஷம் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். 1891இல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று கட்டுரை எழுதி, கோர்ட் கூண்டிலும் ஏறிய பெண், பிற்பாடு கடவுள் பக்கம் திரும்பி அடையாறுக்கு வந்து குடியேறினார். அன்னி பெசன்ட்தான். சென்னையில் பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 1967 மார்ச்சில் அண்ணா உளமார உறுதி கூறிப் பதவியேற்றார். பேசப்படுவது அந்த ஒரு சொல்தான். அதே பிரமாணத்தில் எனக்கு இன்னும் சுவையாகத் தெரிவது வேறொரு வரி: 'இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்'. 1950இல் அது பிரமாணத்தில் இல்லை. தி.மு.க. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், சி.பி.ராமசாமி ஐயர் தலைமையிலான குழு பரிந்துரைக்க, 1963இல் 16ஆம் திருத்தமாக அது சேர்க்கப்பட்டது. வேட்பாளராக நிற்பதற்கே அந்த வாக்குறுதியைக் கொடுக்க வேண்டும் என்று ஆனது. 1963 ஜனவரியில் மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். அந்த வருஷமே கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. நான்கு வருஷம் கழித்து, தன்னைக் கட்டுவதற்காகவே எழுதப்பட்ட வரியைத் தன் வாயாலேயே சொல்லி முதலமைச்சரானார். ஆக, இந்தியா முழுக்க இன்று ஒவ்வொரு எம்.பி.யும் சொல்கிற ஒரு வரி தமிழ்நாட்டு அரசியல் போட்ட முடிச்சு.

அந்த 'இறையாண்மை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் வேண்டாம் என்று உளமார உறுதி கூறுகிறவரும் அடுத்த மூச்சில் 'இறை' என்கிறார். பழந்தமிழில் இறை என்றால் அரசனும்தான். வள்ளுவரின் இறைமாட்சி அதிகாரம் சாமியைப் பற்றியது இல்லை, ஆட்சி செய்கிறவனைப் பற்றியது. கோயில் என்றாலும் முதலில் அரசன் வீடு. அரசையும் மதத்தையும் பிரிக்க வேண்டும் என்று மேற்கே சொல்வதைத் தமிழில் சொல்ல வந்தால், முதலில் சொற்களைப் பிரித்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய அரசர்கள் சத்தியம் செய்த விதம் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. வஞ்சினம் என்று அதற்குப் பெயர். புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு முன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் தெய்வம் என்னைத் தண்டிக்கட்டும் என்று சொல்வதில்லை. என் குடிமக்கள் நிழல் இல்லாமல் கண்ணீர் விட்டு 'எங்கள் இறை கொடியவன்' என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். அவன் அஞ்சியது பழிக்கு. இது தமிழன் அப்போதே மதச்சார்பற்றவன் என்பதற்கு ஆதாரம் என்று யாராவது கிளம்பினால் நான் அந்தப் பக்கம் இல்லை. அதே நூலில் தெய்வங்களுக்கும் வேள்விகளுக்கும் குறைவில்லை. ஆனால் பிரமாணத்துக்குப் பின்னால் ஒரு பயம் வேண்டும், அது கடவுள் பயமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நம்மவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் என்ற பேச்சு அமெரிக்காவுடையது. 1802இல் ஜெபர்சன் ஒரு பாப்டிஸ்ட் சபைக்கு எழுதிய கடிதத்தில் வந்த உவமை. அந்த நாட்டு அரசமைப்பு எந்தப் பதவிக்கும் மதப் பரீட்சை வைக்கக் கூடாது என்கிறது. அதிபரின் பிரமாணம் 35 சொற்கள். கடவுள் அதில் இல்லை. 'கடவுளே எனக்குத் துணை' என்று கடைசியில் சேர்த்துக்கொள்வது வழக்கத்தில் வந்தது. மேரிலாந்து மாநிலம் கடவுள் இருக்கிறார் என்று அறிக்கை கொடுக்கச் சொன்னதை 1961இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கலிபோர்னியாவில் இருக்கிற என் சித்தப்பா மகன் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தபோது, பிரமாணத்தின் கடைசியில் வருகிற அந்த வார்த்தையை விட்டுவிடலாம் என்பது தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டு, "எந்தக் கடவுள்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல, மனசுக்குள்ள பழனி முருகன்தான்" என்று போனில் சிரித்தான்.

நமக்கு அந்தச் சுவர் கிடையாது. நம் அரசு கோயிலுக்குள் போகும், வரும், கணக்கும் பார்க்கும். கர்நாடகத்தில் முஜராய் இலாகா, தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை. துறையின் அமைச்சர் நாத்திகராக இருக்கலாம், உளமார உறுதி கூறலாம். ஆனால் அவருக்குக் கீழே இருக்கிற ஆணையர் இந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அரசமைப்பிலேயே 290ஏ என்று ஒரு பிரிவு: திருவிதாங்கூரிலிருந்து 1956இல் தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிக் கோயில்களுக்காக மாநில அரசு வருஷத்துக்கு 13.5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். கேரளத்துக்கு அதுவே 46.5 லட்சம். பெங்களூருவில் எங்கள் விதான சௌதாவின் நெற்றியிலேயே 'சர்க்காரத கெலச தேவர கெலச' என்று எழுதியிருக்கிறது. அரசு வேலை தெய்வ வேலை. அதன் கீழே நின்று செல்பி எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இல்லை. சுவர் கட்டுகிற நாட்டில் அப்படி ஒரு பலகை முதல் நாளே கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

சுவர் இல்லாத வீட்டில் பிரமாணம் மேடையாகவும் ஆகிவிடுகிறது. 2019இல் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் தமிழில் எடுத்து 'தமிழ் வாழ்க' என்றார்கள், எதிர்வரிசையிலிருந்து 'பாரத் மாதா கி ஜே' வந்தது. 2024 ஜூனில் கோஷங்களின் பட்டியல் இன்னும் நீண்டது. ஓவைசி 'ஜெய் பாலஸ்தீன்' என்றார். அதற்குப் பிறகு மக்களவைச் சபாநாயகர் ஓம் பிர்லா விதியைத் திருத்தினார். வாசகத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் கூடச் சேர்க்கக் கூடாது. நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'நான்' பேசுகிற இடத்தில் கட்சி பேச ஆரம்பித்தால் அது பிரமாணம் இல்லை, பொதுக்கூட்டம். அஜ்ஜா பெயரையும் அப்படித்தான் பார்க்கிறேன். மனத்துக்குள் அஜ்ஜாவை வைத்துக்கொண்டு வாயில் 'தேவர ஹெசரினல்லி' என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? என் தம்பி பழனி முருகனை வைத்துக்கொள்ளவில்லையா?

இதையெல்லாம் ஒரே நாளில் சுபேதாரிடம் சொல்லவில்லை, அவ்வப்போது மாடிப்படியில் நின்று பேசியதுதான். ஒரு நாள் கேட்டேன், "நீங்க பட்டாளத்தில சேர்ந்தப்ப எதுமேல சத்தியம் பண்ணினீங்க?"

"கசம் பரேடு. பண்டிட்ஜி கீதையை ஏந்திக்கிட்டு வந்தார், தொட்டோம். அந்தாண்ட வரிசையில பைபிள், குர்ஆன். தரையிலயோ கடல்லயோ ஆகாயத்திலயோ எங்க அனுப்பினாலும் போவேன்னு இந்தியில சொல்லணும். பாதி வார்த்தை அன்னிக்குப் புரியல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குப் பக்கத்தில ஈரோட்டுக்காரப் பையன் ஒருத்தன். அப்பா பெரியார் ஆளு. வீட்டில சாமி படமே கிடையாதாம்."

"அவர் என்ன செஞ்சார்?"

"என்னத்தைச் செய்யறது, தொட்டான். ராத்திரி லெட்டர் எழுதறப்ப, கீதையைத் தொட்டதை மட்டும் எழுதலைன்னான். நீ சொல்றியே அந்த உளமார, அப்படி ஒண்ணு இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."